நுனியில் பத்து கிராம்

கடையில் மூன்று ராடுகளை மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்துவிட்டு எதையும் வாங்காமல் திரும்பி வந்தாயிற்று. மூன்றும் ஏழடி. ஒன்று முழுக்கக் கண்ணாடியிழை. கடை பாஷையில் கிளாஸ் ராடு. இன்னொன்று கண்ணாடியும் கார்பனும் கலந்தது. மூன்றாவது சுத்தக் கார்பன், ‘40 டன்’ என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது.

“எந்த மீனுக்கு சார்?” என்று கேட்டான் கடைப் பையன்.

கொடுவா என்றேன். கொஞ்சம் தயங்கி, ஏரியில் விராலுக்கும் ஆக வேண்டும் என்றேன். அப்புறம், எது கிடைக்கிறதோ அதற்கு என்றேன். அவன் சிரித்துக்கொண்டே மூன்றாவதை எடுத்து மறுபடியும் என் கையில் கொடுத்தான். விலை கூடியதைக் கையில் கொடுப்பது அவன் வேலை. ஆனால் அதை வாங்கிய மாத்திரத்தில் என் தோள் இளகியது என்பதையும் மறைக்காமல் எழுதிவைக்க வேண்டும்.

வலது தோள். ஒரு வருடமாகக் கை காதுக்கு மேல் ஏறுவதில்லை. சர்க்கரை இருப்பவர்களுக்கு வருவதுதான் என்றார் மருத்துவர். சட்டை போடுவதற்கே ஒரு முறை வைத்திருக்கிறேன்: வலது கையை முதலில் நுழைத்துவிட வேண்டும், கழற்றும்போது அதுதான் கடைசி. ராடு வாங்கவும் ஒரு முறை வேண்டியிருக்கிறது போல. இந்த நோட்டைத் திறந்தது அதற்காகத்தான்.

*

பழைய ராடு மீனால் உடையவில்லை. வீட்டு மின்விசிறியால் உடைந்தது.

பழவேற்காட்டிலிருந்து வந்து சேர இரவு எட்டரை. உப்பு போகக் கழுவித் துடைத்து, இணைப்பில் மணல் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க இரண்டு துண்டையும் சேர்த்துப் பொருத்தினேன். அப்படியே கூடத்துக்கு நடந்து, அன்றைக்கு வந்த கொடுவா எப்படி இழுத்தது என்று மகளுக்கு நடித்துக் காட்டினேன். அவ்வளவுதான். அப்பளம் நொறுங்குகிற சத்தம். நுனியில் ஒரு சாண் துண்டு, வளையத்தோடு சேர்ந்து டி.வி.க்குப் பின்னால் போய் விழுந்தது. மகள் சிரிக்கவில்லை, அதுவே பெரிய உபகாரம். மனைவி எழுந்து விசிறியை நிறுத்திவிட்டு, “றெக்கைக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டாள்.

மூன்று கிலோ மீனைக் கால்மணி நேரம் தாங்கிய கோல், அன்று காலையில்தான்.

விசாரித்துப் பார்த்தால் எல்லோர் கதையும் இப்படித்தான் இருக்கிறது. கார்க் கதவு, ஷேர் ஆட்டோவின் கம்பி, மாடிப்படிச் சுவர், தெரியாமல் மேலே உட்கார்ந்த மைத்துனர். மீன்தான் உடைத்தது என்று சொல்பவர்களைக் கொஞ்சம் கிண்டிக் கேட்டால், காலடிக்கு வந்த மீனை வலையில் அள்ளாமல் கோலைச் செங்குத்தாக நிமிர்த்தித் தூக்கியிருப்பார்கள். அப்படித் தூக்கினால் வளைவு அடிப்பாகத்துக்கு இறங்காது. பென்சில் கனம்கூட இல்லாத நுனியே முழு மீனையும் சுமக்கும். உள்ளே கூடாக இருக்கும் குழல் வளையும்போது முதலில் நசுங்கி முட்டை வடிவமாகும், பிறகுதான் முறியும். பப்பாளித் தண்டை வளைத்து விளையாடிய யாருக்கும் இது தெரியும்.

ஆக, கோல் உழைக்குமா என்று கடையில் கேட்பது பாதி பொய். நான் எப்படிப்பட்டவன் என்பதைத்தான் அந்தப் பையனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

*

கார்பன் இழையின் வரலாற்றிலும் ஒரு விசிறி வருகிறது. 1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில், அரசாங்கத்தின் விமான ஆய்வு நிலையத்தில், பலமான கார்பன் இழை செய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். எஃகைவிட இலேசு, வளைய மறுப்பது. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் உடனே அதைப் பிடித்துக்கொண்டு ஆர்பி 211 என்ற ஜெட் எஞ்சினின் முன்பக்க விசிறி இறக்கைகளை அதில் செய்தது. எடை வெகுவாகக் குறைந்தது. எல்லாச் சோதனைக்கும் நின்றது, ஒன்றைத் தவிர. வானத்தில் பறவை மோதினால் என்ன ஆகும் என்று பார்க்க, சுழலும் விசிறிக்குள் கோழியைச் சுடுவார்கள். செத்த கோழிதான். 1970இல் சுட்டார்கள், இறக்கைகள் நொறுங்கின. டைட்டானியத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. ஏற்கெனவே கைமீறிப் போயிருந்த செலவு இன்னும் ஏற, 1971 பிப்ரவரியில் நிறுவனமே திவாலாகி அரசாங்கத்தின் கைக்குப் போனது.

அடுத்த இரண்டே வருடத்தில், 1973இல், அமெரிக்காவின் ஃபென்விக் கம்பெனி கார்பன் இழையில் தூண்டில் கோல் செய்து காட்டியது. ஏரிக்கரையில் யாரும் கோழியைச் சுட மாட்டார்கள் என்ற நம்பிக்கை. எங்கள் வீட்டுக் கூடம் அவர்கள் கணக்கில் வந்திருக்காது.

*

‘டன்’ என்றால் என்ன என்று பையனைக் கேட்டேன். “அதிகமா இருந்தா ஸ்ட்ராங் சார்” என்றான். பாவம், அவனுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். உண்மை கிட்டத்தட்ட நேர் எதிர்.

ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள இழையை இழுத்து அதன் நீளத்தை இரட்டிப்பாக்க எத்தனை டன் வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கு. அப்படி யாராலும் இழுக்க முடியாது, அதற்கு வெகு முன்பே அறுந்துவிடும், கணக்குக்காகச் சொல்வது. சாதாரண கார்பனுக்கு 24 டன். கண்ணாடி இழைக்கு 7 டன் சொச்சம். டன் கூடக் கூட இழை விறைப்பாகிறது. அதே வேலைக்குக் குறைந்த இழை போதும், சுவர் மெலிசாகும், கோல் இலேசாகும். ஆனால் நீளும் குணம் போய்விடும். ஒரு மீட்டர் கண்ணாடி இழை அறுவதற்கு முன் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு கொடுக்கும். சாதாரண கார்பன் ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு. 40 டன் இழை ஒரு சென்டிமீட்டரை ஒட்டி நின்றுவிடும்.

வளைகிற எதிலும் வெளிப்பக்கம் நீள வேண்டும். நீள முடியாதது ஒடியும். முற்றின முருங்கைக்கிளையும் இளம் புளியம் விளாரும் நமக்குச் சிறு வயதிலேயே சொல்லிவிட்ட சங்கதி. வாத்தியார் கையில் இருந்தது எப்போதும் புளியம் விளார்தான்.

தங்க எழுத்தைப் பற்றி இன்னொன்று. 40 டன் என்று போட்டிருந்தால் கோல் முழுக்க அந்த இழை என்று அர்த்தமில்லை. உருக்குத் தண்டின் மேல் பல தினுசு இழைத் துணியைச் சுற்றித்தான் அடுப்பில் வேகவைக்கிறார்கள். அதில் ஒரு சுற்று 40 டன்னாக இருந்தாலும் எழுத்து எழுத்துதான்.

*

இன்று மளிகைத் தராசில் பழைய கோலின் மிச்சத்தை நிறுத்தேன். 112 கிராம். ஒரு கொய்யாப் பழம். இதற்கா தோள் வலித்தது?

நிறுக்கும் இடம் தப்பு. கோலைத் தட்டில் படுக்க வைத்தால் தெரியாது. விரலில் நிறுத்த வேண்டும். ஊரில் புளி, மிளகாய் வாங்க வருகிறவர்கள் கொண்டுவரும் தூக்குக்கோல் நினைவுக்கு வருகிறது. ஒரு பக்கம் தட்டு, மறுபக்கம் வெறும் கழி. கயிற்றைப் பிடிக்கும் இடம் ஓர் அங்குலம் தள்ளினால் கால் கிலோ மாறிப்போகும். அம்மா கண் எடுக்காமல் பார்ப்பது வியாபாரியின் கட்டைவிரலைத்தான், புளியை அல்ல.

தூண்டில் கோலும் தூக்குக்கோல்தான். என் ஆள்காட்டி விரல் கயிறு. நுனி அங்கிருந்து ஏறக்குறைய இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே 10 கிராம் கூடினால், பிடியின் பின்னால் ஒரு சாண் தூரத்தில் 100 கிராம் வைத்தால்தான் நேராகும். நுனியில் இருக்கும் வளையம், அதைக் கட்டிய நூல், நூலின் மேல் பூசிய பசை — எல்லாம் சேர்ந்து சில கிராம். தோள் வலியின் முகவரி அங்கே இருக்கிறது. கடையில் அட்டையில் எழுதியிருக்கும் மொத்த எடையை நான் இனிமேல் படிக்கப் போவதில்லை. ரீலை மாட்டி, வழக்கமாகப் பிடிக்கும் இடத்தில் விரலைக் கொடுத்து, நுனி எவ்வளவு வேகமாகத் தரையைப் பார்க்கிறது என்று மட்டும் பார்ப்பேன்.

பிடியின் அடியில் ஈயம் வைத்து நேராக்குகிறவர்கள் உண்டு. எடையைக் கூட்டி இலேசாக்குகிற இந்த வித்தை, கோலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரத்துக்குப் பலிக்கும். வீசும்போது கூடினது கூடினதுதான், தோள் கணக்குக் கேட்கும். நான் எவ்வளவு நேரம் வீசுகிறேன், எவ்வளவு நேரம் நிற்கிறேன் என்று போன முறை கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் வீசியது ஏழு தடவை. மற்றதெல்லாம் நின்றதுதான். உட்கார்ந்ததும் உண்டு.

*

மாமா மூங்கிலில் கோல் செய்வார். தாமிரபரணிக் கரை. அவருக்கு உள்ளே துளை இல்லாத கல்மூங்கில்தான் வேண்டும், அதிலும் விரல் பருமன், அதிலும் கொழுந்து நுனி ஒடியாதது.

“தேய்பிறையில வெட்டணும்லே. வளர்பிறையில வெட்டுனா வண்டு தொளைச்சிரும்” என்பார். வண்டுக்கு நிலா தெரியுமா என்று கேட்டதற்கு ஒரு குட்டு விழுந்தது. மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்தைத் தேடித்தான் வண்டு வருகிறது என்று பின்னால் படித்தேன். நிலாவோடு அதற்கு என்ன கணக்கோ, குட்டு குட்டுதான்.

வெட்டிய கழியைப் பனையோலைத் தீயில் காட்டுவார். கோணல் இருக்கும் கணுவில் மட்டும். பச்சை நிறம் மங்கி, மேல்தோலில் எண்ணெய்போல் வேர்க்கும். அந்த நேரம்தான் நேரம். முழங்காலில் வைத்து மெதுவாக அழுத்தி, ஈரத் துணியால் ஒரு துடைப்பு. சுஸ் என்று சத்தம் வரும். கோணல் போயிருக்கும். அவசரப்பட்டால் கணு கருகும், அதோடு கழி விறகு. பிறகு அடியில் ஒரு கல்லைக் கட்டித் தொழுவத்து விட்டத்தில் தொங்கவிடுவார். ஒரு மாதத்துக்கு அந்தப் பக்கமே பார்க்கக் கூடாது. மாட்டுச் சாணப் புகையும் மழைக்காற்றும் பட்டு அது தானாக நிறம் மாறும்.

குறுந்தொகையின் 54ஆம் பாட்டைப் பாடிய புலவரின் சொந்தப் பெயர் தொலைந்துவிட்டது. பாட்டில் வரும் உவமையையே பெயராக்கி மீனெறிதூண்டிலார் என்று வைத்துவிட்டார்கள். தினைப்புனக் காவலர்களின் கவண் சத்தத்துக்கு மிரண்ட காட்டு யானை, வளைத்துப் பிடித்திருந்த பசுமூங்கிலை விட்டுவிடுகிறது. மீனைத் தூக்கிய தூண்டில்போல அது விருட்டென்று மேலே எழுகிறது. தன் நலம் தலைவனோடு போயிற்றே என்று தலைவி சொல்லும் பாட்டு. நான் அவளை விட்டுவிட்டு மூங்கிலையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் தூண்டில் போட்டிருக்கிறார், சந்தேகமில்லை. வளைந்ததைப் பாடாமல் திரும்பி நிமிர்ந்ததைப் பாடியிருக்கிறார்.

கோலின் உயிர் அந்த நிமிர்வில்தான் இருக்கிறது. வீசி முடித்ததும் நுனி ஆடுகிறதே, எத்தனை ஆட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். நல்ல கார்பன் ஒரு ஆட்டத்தோடு சரி. கண்ணாடி, ‘வரமாட்டேன்’ என்று தலையாட்டும் குழந்தை மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். நுனி தன் ஆட்டத்திலேயே மும்முரமாக இருந்தால் மீனின் ஆட்டத்தை எப்படிச் சொல்லும்?

*

மாமாவின் சோதனை. கோல் காய்ந்து இறங்கியதும் என்னைக் கூப்பிடுவார். கண்ணை மூடச் சொல்லி, அடிப்பாகத்தை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு நுனிக்குப் போவார். நகத்தால் ஒரு தட்டு.

“தெரியுதா?”

“தெரியுது மாமா.”

இன்னும் மெதுவாக. “இப்ப?”

தெரியாதபோது தெரியுது என்று சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். ஏனென்றால் அந்த முறை அவர் தட்டியே இருக்க மாட்டார்.

கடையில் இதை ‘சென்சிட்டிவ்’ என்கிறார்கள். மாமா “கோல் பேசுது” என்பார். இழையின் விறைப்பும் இலேசும் சேர்ந்துதான் அந்தப் பேச்சு. கோலில் ஏறும் ஒவ்வொரு வளையமும் ஒவ்வொரு சொட்டுப் பசையும் பேச்சை அமுக்கும் துணி.

ஆனால் எதை வைத்துப் பேசுகிறது என்பதும் உண்டு. தங்கூசி என்கிற நைலான் நரம்பு அறுவதற்கு முன் நூறு மீட்டருக்கு இருபது மீட்டராவது நீளும். பாலிஎத்திலீன் பின்னல் நூல் நான்கைந்து மீட்டரோடு சரி. அந்தத் தங்கூசியோடு 40 டன் கோலைக் கட்டுவது, நல்ல ரேடியோவின் மேல் தலையணையை வைத்துவிட்டுக் கேட்பது. சில நூறு ரூபாய் நூலில் கிடைப்பதை ராடில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறோம். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. நானும் என் முதல் கார்பன் கோலை வாங்கிய இரண்டாவது வருடத்தில்தான் கண்டுகொண்டேன்.

*

பின்னல் நூலும் கார்பனும் சேர்ந்தபின் முகத்துவாரத்தின் அடித்தரை என் மணிக்கட்டுக்குள் வந்துவிட்டது. ஈயம் மணலில் உருள்வது அரிசி களைவதுபோல் வரும். சிப்பிக்கூட்டத்தின் மேல் போனால் சொரசொரப்பு. சேற்றில் ஒன்றுமே வராது, ஒரு கனம் மட்டும். நண்டு இரையைப் பிடித்தால் இழுத்து, நிறுத்தி, யோசித்து, மறுபடி இழுக்கும். கெளிறு தட்டிவிட்டுப் போகும். பாசி மோதினால் மீன் என்றே நினைக்கத் தோன்றும், ஆனால் அது திரும்பிப் போகாது.

முதல் சில மாதம் இது பரவசமாக இருந்தது. அப்புறம் அலுத்தது. எல்லாம் சொல்கிற கோல் எல்லாவற்றையும் சொல்கிறது. நூறு சேதியில் ஒன்றுதான் மீன். கோலை விட்டுக் கையை எடுக்க முடியவில்லை, கொக்கைப் பார்க்க முடியவில்லை.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று. சேதி இரண்டு பக்கமும் போகிறது. நான் மீனை உணரும் அதே நேரம் மீனும் என்னை உணர்கிறது. கொடுவா இரையைக் கடிப்பதில்லை. வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். விறைப்பான கோலில் அந்த உறிஞ்சலை ‘டொக்’ என்று உணர்ந்து, உணர்ந்த மாத்திரத்தில் கை இழுத்துவிடும். முள் வாயிலிருந்து சும்மா வெளியே வரும். விராலும் அப்படித்தான். ரப்பர் தவளை மேல் பாய்ந்த பிறகு ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டு இழுக்க வேண்டும். கிளாஸ் ராடு அந்த மூன்றை எனக்காக எண்ணும். அது மந்தம் என்பது உண்மைதான். மந்தமாக இருப்பதால் மீன் இரையை நம்புகிறது, நானும் தாமதமாகிறேன். அமெரிக்காவில், வாய் கிழியாமல் மீன் பிடிபட வேண்டும் என்று சிலவகைச் செயற்கை இரைகளுக்கு இன்றும் கண்ணாடிக் கோலைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

*

உணர்வே வேண்டாத கோலும் உண்டு. மினிக்காய்த் தீவில் சூரை பிடிப்பது மூங்கில் கழியில். படகிலிருந்து உயிருள்ள பொடிமீனை அள்ளி வீசி, மேலே தண்ணீரைத் தெளித்துக் கடலையே கொதிக்கவைப்பார்கள். சூரைக் கூட்டத்துக்கு வெறி பிடித்துவிடும். ரீல் இல்லை, முள்ளில் எதிர்க்கொக்கி இல்லை. கொத்தியதும் மீனைத் தலைக்கு மேலாகப் பின்னால் வீச, அது தானாக முள்ளை விட்டுத் தளத்தில் விழும். கழி அடுத்த மீனுக்குத் தண்ணீரில். அங்கே போய் நுனியின் நுட்பம் பற்றிப் பேசினால் கடலில் தள்ளிவிடுவார்கள். கழி தாங்க வேண்டும், நாள் முழுக்க; அவ்வளவே. அந்தச் சூரைதான் வெந்து, புகையில் கருகி, கட்டையாகி நம் வீட்டுச் சம்பலில் மாசியாக இடிபடுகிறது.

அடுத்த கோடி ஜப்பான் ஆறுகளில். அயு என்ற சின்ன மீன் பாறைப் பாசிக்காகத் தனக்கென்று ஓர் இடம் பிடித்துக் காவல் காக்கும். இன்னோர் உயிருள்ள அயுவையே நூலில் கட்டி அந்த இடத்துக்குள் நீந்த அனுப்புவார்கள். காவல்காரன் விரட்ட வந்து மோதி, பின்னால் தொங்கும் முள்ளில் மாட்டும். கட்டி விட்ட மீன் களைத்துவிட்டதா, பயந்துவிட்டதா என்பது கைக்குத் தெரிய வேண்டும். கோல் ஒன்பது மீட்டர் நீளம், எடை கால் கிலோ அளவு. விலை நம் பணத்தில் லட்சத்தைத் தாண்டும். பாறையில் வழுக்கி விழுந்தால் கோலைக் காப்பாற்றுவதா முழங்காலைக் காப்பாற்றுவதா என்பது எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

*

மறக்காமல் இருக்க:

கோல் சும்மா இருக்கும்போது ஈயக்குண்டு அதன்மேல் மோதி ஆடக்கூடாது. பஸ்ஸில் வரும்போது டிக் டிக் என்று தட்டிக்கொண்டே வந்ததை நான் தாளம் என்று நினைத்தேன். கார்பனில் அந்தத் தட்டு வெளியே தெரியாது. பெயிண்ட் அப்படியே இருக்கும், உள்ளே இழை விட்டிருக்கும். இரண்டு வாரம் கழித்து, உள்ளங்கை அகல மீனுக்கு முறியும். மூன்று வருடம் முன்பு அப்படி முறிந்ததை உத்தரவாதத்துக்கு எடுத்துப்போய், ‘உபயோகித்தவர் தவறு’ என்று ஒரு சீட்டோடு திரும்பி வந்தேன். அன்றைக்கு வந்த கோபம் பெரிது. இப்போது யோசித்தால் சீட்டு சரிதான், அதைக் கொடுத்த தோரணைதான் சரியில்லை.

வளையத்தின் உள்விளிம்பில் பஞ்சைச் செருகி இழுத்துப் பார்க்கவும். ஓர் இழை பஞ்சு மாட்டினாலும் கீறல் இருக்கிறது. அந்தக் கீறல் நூலை அறுக்கும், நாம் மீனின் மேல் பழி போடுவோம்.

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஏரிக்கரையில் தாழத் தொங்கும் கம்பிக்குக் கீழே வீசவே வேண்டாம். இடி கேட்டால் கோலைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போகவும். அலுமினியப் பாகமும் கார்பனும் உப்புநீரும் சேர்ந்தாலும் ஆகாது. அலுமினியம்தான் முதலில் அரிக்கும்.

*

கோல் இல்லாமலேயே பழவேற்காடு போனேன். பொன்னேரியில் இறங்கி பஸ். சும்மா கரையில் உட்காரலாம் என்று. வற்றம் தொடங்கியிருந்தது. படகுத்துறைக்குத் தெற்கே வழக்கமாக உட்காரும் பெரியவர் இருந்தார். கைத்தூண்டில்காரர். பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிய தங்கூசி, ஒரு ஈயம், ஒரு முள், உயிர் இறால். நரம்பு ஆள்காட்டி விரலின் மேல் ஓடுகிறது. அந்த விரலுக்கு மட்டும் பழைய சைக்கிள் ட்யூப்பில் ஓர் உறை.

“இன்னா சார், குச்சி எங்க?”

“உடைஞ்சுபோச்சு ஐயா.”

“பெரிய மீனா?”

ஃபேன் என்றேன். அவர் அதை ஒரு மீன் பெயராக நினைத்துக் கொஞ்சம் யோசித்தார். விளக்கியதும் வாயில் இருந்த வெற்றிலை தெறிக்கச் சிரித்தார். பிறகு தன் விரலைத் தூக்கிக் காட்டினார். “என் குச்சி இதான். உடைஞ்சா ஆஸ்பத்திரில ஒட்டிக் குடுத்துருவான்.”

எடை இல்லை. உடையாது. நரம்பு நேராக நரம்பிலேயே படுகிறது. மூன்றும் ஒரே விரலில். நான் கடையில் தேடியது இந்த ஆள்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஒன்று இழுத்தது. நல்ல மீன். நரம்பு உறையைத் தாண்டி அடுத்த விரலில் ஏறியது. அவர் விட்டுக்கொடுத்தார், பிடித்தார், விட்டார், முகம் சுருங்கியது. கையில் எடுத்துச் சுற்றுவதற்குள் ஒரு திருப்பத்தில் நரம்பு அறுந்துபோனது. வளைந்து கொடுக்க அங்கே ஒன்றும் இல்லை. மீன் தலையை உதறிய உதறல் மொத்தமும் முள் கட்டிய முடிச்சில் விழுந்திருக்கிறது.

கோல் எதற்கு என்று அப்போது எனக்குத் திரும்பவும் தெரிந்தது. தூரம் வீசத்தான். அதைவிட, உதறலை வாங்கிக்கொள்ள.

அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டார். நடு விரலின் மேல் கணுவில் மெல்லிய சிவப்புக் கோடு. அதற்குப் பக்கத்தில் அதே மாதிரி, வெளுத்துப்போன கோடுகள் நாலைந்து. புது முள் கட்ட உட்கார்ந்தார். கொண்டல் காற்று லேசாக அடித்துக்கொண்டிருந்தது. முடிச்சைப் பல்லால் இறுக்கும்போது, “குச்சி வாங்குனா ரொம்ப வெறப்பா வாங்காத சார்” என்றார். நான் காரணம் கேட்கவில்லை.

*

மறுபடியும் கடை. பையன் என்னை மறக்கவில்லை. நேராக 40 டன்னை எடுத்தான். நான் மூன்றையும் கேட்டேன். ரீலை மாட்டி, விரலில் வைத்து, ஒவ்வொன்றும் தரையைப் பார்க்கும் வேகத்தைப் பார்த்தேன். கிளாஸ் தொபுக்கென்று குனிந்தது. தோள் அப்போதே வேண்டாம் என்றது. கார்பன் அப்படியே நின்றது. கலப்பு மெதுவாக, மரியாதைக்குக் குனிகிறவர் மாதிரி.

“தம்பி, ஒரு உதவி. நான் கண்ணை மூடிக்கறேன். நீ நுனிக்குப் போய் நகத்தால தட்டு.”

பையன் முதலாளியைத் திரும்பிப் பார்த்தான். முதலாளி மொபைலில் இருந்தார். தட்டினான். 40 டன்னில் அது கல்தரையில் காசு விழுந்ததுபோல் வந்தது. கிளாஸில் பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் தட்டுவதுபோல். கலப்பில், நம் வீட்டுக் கதவைத் தெரிந்தவர் தட்டுவதுபோல்.

“இன்னும் மெதுவா.”

ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். கடை வாசலில் பஸ் ஒன்று கியர் மாற்றிப் போனது, அதன் அதிர்வுகூடக் கையில் வந்தது.

“இப்ப தட்டினியா?”

“இல்ல சார். கஸ்டமர் வந்துட்டாங்க.”

கலப்பையே வாங்கினேன். இரண்டு துண்டு, 150 கிராமுக்குக் கொஞ்சம் மேல். மிச்சமான காசில் பின்னல் நூல் ஒரு சுருள். பில் போடும்போது பையன் சற்று வாடித்தான் இருந்தான். ரயிலில் கூட்டம். இரண்டு துண்டையும் பழைய வேட்டியில் சுற்றி, குழந்தையைப்போல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

மனைவி கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, வேட்டிச் சுருளைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் கூடத்து விசிறியை நிறுத்தினாள். அது நின்று முடியும்வரை நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.